நிற்பதா, உட்காருவதா?

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தில் ஏறி உட்காருவதற்கென்றே கடையில் மூன்று ரகம் விற்கிறார்கள், தெரியுமா உங்களுக்கு? முதல் ரகம், ஏணியும் அதன் உச்சியில் ஒரு நாற்காலியும். மரத்தில் சாய்த்துக் கட்டிவிட்டால் சீசன் முழுக்க அங்கேயே கிடக்கும். இரண்டாவது, ஒரு சின்னப் பலகை. பட்டையால் மரத்தோடு இறுக்கி மாட்டிவிட்டு, படி படியாகத் தனியே கட்டிக்கொண்டு அதன்மேல் போய் உட்கார வேண்டும். மூன்றாவதுதான் விசேஷம். இரண்டு இரும்புச் சட்டம். ஒன்றில் உட்கார்ந்து இன்னொன்றைக் காலால் இழுக்க வேண்டும். பிறகு அதில் நின்றுகொண்டு முதலாவதைக் கையால் தூக்க வேண்டும். கம்பளிப்பூச்சி மாதிரி நெளிந்து நெளிந்து மேலே போய்விடலாம். வேலை முடிந்ததும் கழற்றி முதுகில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

நமக்கெதற்கு இதெல்லாம் என்றுதானே கேட்கிறீர்கள்? 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இங்கே மானைக் குறிபார்ப்பவன் நேராக மாமியார் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்கு முன்பு நம்மவர்களும் மரத்தில் உட்கார்ந்தவர்கள்தான். தினைப்புனம் காக்கப் பரண் கட்டி, அதற்கு இதணம் என்று பெயரும் வைத்தது சங்ககாலத்துக் குறிஞ்சி நிலம். வடக்கே அதே பரணுக்கு மச்சான் என்று பெயர். ருத்ரப்ரயாக் ஆட்கொல்லிச் சிறுத்தையை ஜிம் கார்பெட் 1926 மே மாதம் சுட்டது, ஒரு மாமரத்து மச்சான்மேல் உட்கார்ந்துதான். இதை அப்படியே தமிழில் எழுதினால் சம்பந்தி வீட்டில் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

எங்கள் தஞ்சாவூர்ச் சீமையில் பரண் கட்டக் காடு ஏது? கண்ணுக்கெட்டிய தூரம் வயல், வரப்பு, வாய்க்கால். இடையிடையே தென்னை. அந்த மூன்றாவது ரகத்தை வாங்குகிற அமெரிக்கர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. கிளையில்லாத நேரான மரம் வேண்டும். நடுவில் ஒரு கிளை குறுக்கிட்டாலும் சட்டம் தாண்டாது. அப்படி ஒரு மரத்தைத் தேடிக் காடெல்லாம் அலைகிறார்களாம். நம் ஊரில் கொல்லைக் கதவைத் திறந்தால் அந்த மரம்தான் நிற்கிறது.

அதனால்தான் மான் சுடும் நாற்காலிக்கும் தேங்காய் பறிக்கும் மெஷினுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

ஒரத்தநாடு பக்கம் எங்கள் சித்தி வீடு. கல்லணைக் கால்வாய்ப் பாசனம். 1934-ல் மேட்டூரோடு சேர்ந்து வந்த இந்தக் கால்வாயை ஊரில் இன்னும் 'புது ஆறு' என்றுதான் சொல்கிறார்கள். தொண்ணூறு வயதுக்கு அப்புறமும் புதுசாக இருக்கும் கொடுப்பினை ஒரு சில கால்வாய்களுக்குத்தான். சித்திக்குக் கொஞ்சம் நெல் வயல், கொல்லையிலும் வாய்க்கால் கரையிலுமாக நாற்பது தென்னை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வந்துவிட்டுப் போனபோது மிச்சம் பதினொன்று. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று அந்த வட்டாரம் முழுக்க லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். படங்களைப் பார்த்திருப்பீர்கள். அடுக்கிவைத்த தீக்குச்சிகளைத் தட்டிவிட்ட மாதிரி.

இழவு விழுந்த வீட்டில்கூட பதினாறாம் நாளுக்குப் பிறகு அடுப்பு எரியும். தென்னை போன வீட்டில் அது நடக்க ஆறேழு வருடம் ஆகும். நெட்டை ரகம் நட்டால் காய்க்க அவ்வளவு காலம் எடுக்கும்.

மிச்சமிருந்த பதினொன்றில் வேறு ஒரு கஷ்டம் ஆரம்பித்தது. நாற்பது மரம் இருந்தபோது நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை ஆள் வந்துகொண்டிருந்தார்கள். பதினொரு மரத்துக்கு யார் வருவார்கள்? "பதினோரு மரத்துக்கு நான் பெட்ரோல் போட்டுக்கிட்டு வரணுமாம்மா?" என்று ஒரு பையன் போனிலேயே கேட்டுவிட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. மரத்துக்கு இவ்வளவு என்று கூலி. மரம் குறைந்தால் நாள் சம்பளம் குறைகிறது. தேங்காய் முற்றி, நெத்தாகித் தானே விழ ஆரம்பித்தது. விழுந்ததில் பாதி வாய்க்காலோடு போனது. ஒன்று மாட்டுக் கொட்டகையின் ஓட்டைப் பிளந்தது. அதைவிட, உச்சியைச் சுத்தம் செய்ய ஆளில்லை. தென்னைக்குத் தேங்காய் பறிப்பது பாதி வேலைதான். காய்ந்த மட்டையையும் பன்னாடையையும் எடுக்க வேண்டும், குருத்தில் காண்டாமிருக வண்டு துளைத்திருந்தால் கம்பிக் கொக்கியால் குத்தி இழுக்க வேண்டும். சும்மா விட்டால் குருத்து வழியாகவே மரம் செத்துப்போகும். புயலில் தப்பித்ததை வண்டுக்குக் கொடுப்பதா?

மரம் ஏறுகிறவர்கள் எங்கே போனார்கள்? என் சின்ன வயதில் அந்தத் தெருவுக்கு ஒரு பெரியவர் வருவார். காலில் தளைக்கயிறு, இடுப்பில் ஒரு கயிறு, பின்னால் சொருகிய அரிவாள். இவ்வளவுதான் சாதனம். அணில் ஏறுவது மாதிரி ஏறுவார். தமிழ்நாட்டில் 1987-ல் கள்ளை முழுசாக நிறுத்தினார்கள். அது சரியா தப்பா என்ற விவாதம் இந்தப் பக்கத்துக்கு வேண்டாம். ஆனால் கள் இறக்குகிறவர் தினம் காலையும் மாலையும் அதே மரத்தில் ஏறியாக வேண்டும். அந்தத் தினசரிப் பழக்கம் நின்றதும் பிள்ளைகளுக்குக் கைமாற்றிக் கொடுக்க எதுவும் இல்லாமல் போயிற்று. பெரியவரின் பிள்ளைகள் இருவரும் திருப்பூர். "எங்களோட போகட்டும்னுதான் படிக்க வச்சேன்" என்பார் அவர்.

அவரே ஒருநாள் விழுந்தார். ஏறும்போது இல்லை, இறங்கும்போதும் இல்லை. உச்சிக்குப் போய், தண்டை விட்டு மட்டைகளுக்கு நடுவில் உடம்பை நுழைக்கிற அந்த ஒரு நொடியில், பிடித்த மட்டை காய்ந்த மட்டை. கையோடு வந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே இன்றைக்கும் உணர்ச்சி இல்லை. சக்கர நாற்காலியில் இருக்கிறார். அந்த வேட்டைக்காரர்களைப் பற்றி நான் படித்தவரை அங்கேயும் இதே கதைதான். துப்பாக்கியைவிட மரத்திலிருந்து விழுவதுதான் அவர்களுக்குப் பெரிய எமன். அதிலும் ஏறி இறங்கும் சமயத்தில், குறிப்பாக ஏணியை விட்டு நாற்காலிக்கு மாறுகிற இடத்தில்தான் பலர் விழுகிறார்கள். விழுந்தவர்களில் பெரும்பாலோர் பெல்ட் போடாதவர்கள்.

சித்தியின் வீட்டுக்காரர், அதாவது எங்கள் சித்தப்பா, சிங்கப்பூரில் வேலை. எங்கள் பக்கம் இது சகஜம். வயல் இங்கே, ஆள் அங்கே. சித்திக்கு நாற்பத்தெட்டு வயது. டிராக்டர் ஓட்டுவார். ஒருநாள் ராத்திரி எனக்குப் போன்.

"தம்பி, கேரளாவுல பொம்பளைங்க மெஷின் போட்டுத் தென்னை ஏறுறாங்களாமே? டிவியில காட்டுனான். அது எத்தனை வகை இருக்கு, எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு."

"யாருக்கு சித்தி?"

"யாருக்குன்னா? எனக்குத்தான்."

பட்டணத்தில் இருப்பவனுக்கு இன்டர்நெட் தெரியும், ஆகவே எல்லாம் தெரியும் என்று கிராமத்தில் ஒரு நம்பிக்கை. நான் அதைக் கெடுப்பதில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். நீங்களும் வாங்குவதாக இருந்தால் உபயோகப்படும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலாவது, நின்றுகொண்டு ஏறுகிற ரகம். கேரளாவில் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரி என்ற ஊர்க்காரரான எம். ஜே. ஜோசப் கண்டுபிடித்தது. அப்பச்சன் என்று கூப்பிடுவார்கள். மெஷினுக்கும் செம்பேரி மாடல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வலதுகாலுக்கு ஒரு சட்டம், இடதுகாலுக்கு ஒரு சட்டம். ஒவ்வொன்றிலும் கால்மிதி, கைப்பிடி, மரத்தைச் சுற்றிப் போக ஒரு இரும்புக் கம்பி வடம். மிதித்தால் வடம் இறுகி மரத்தைக் கவ்வும். பிடியைத் தூக்கினால் தளரும். வலது, இடது, வலது, இடது என்று மாடிப்படி ஏறுகிற மாதிரி போக வேண்டியதுதான். மோட்டார் இல்லை, டீசல் இல்லை. நம் உடம்பு எடையே மரத்தைப் பிடித்துக்கொள்கிறது. எளிமையைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் கேரளாவில் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்று ஆறு நாள் பயிற்சி ஆரம்பித்து, பெண்களையும் சேர்த்து ஆயிரக்கணக்கானவர்களை மரத்தில் ஏற்றியது பெரும்பாலும் இதை வைத்துத்தான். பிறகு அந்தப் பயிற்சி தமிழ்நாட்டுக்கும் வந்தது.

இரண்டாவது, உட்கார்ந்து ஏறுகிற ரகம். இது நம் கோயம்புத்தூர்ப் பக்கம். அங்கே வேளாண் பல்கலைக்கழகத்தின் மாடல் ஒன்று, வெங்கட் என்ற கண்டுபிடிப்பாளரின் மாடல் ஒன்று. தத்துவம் நான் முதலில் சொன்ன வேட்டைக்காரர் நாற்காலியேதான். மேல் சட்டத்தில் சீட், கீழ்ச் சட்டத்தில் பாதத்தை மாட்ட ஒரு கொக்கி. உட்கார், காலைத் தூக்கு. நில், சீட்டைத் தூக்கு.

மூன்றாவதாக அலக்கு இருக்கிறது. மூங்கிலோ, இழுத்து நீட்டுகிற அலுமினியக் கம்போ, நுனியில் அரிவாள். மரத்தில் ஏறவே வேண்டாம். குட்டை மரத்துக்கு இதைவிட உத்தமம் கிடையாது. ஐம்பது அடி நெட்டை மரத்துக்கு ஆகாது. குருத்தில் இருக்கும் வண்டை அலக்கால் எடுக்கவும் முடியாது. தாய்லாந்தில் குரங்கைப் பழக்கித் தேங்காய் பறிக்கிறார்களே என்று சித்தி கேட்டார். அதைக் கொடுமை என்று சொல்லி 2020-ல் இங்கிலாந்துக் கடைகள் சில, அந்த ஊர்த் தேங்காய்ச் சரக்கையே ஒதுக்கின என்றேன். "நம்ம ஊர்க் குரங்கு நமக்கா பறிச்சுப் போடப்போகுது" என்று அவரே அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

ஆகப் போட்டி, நிற்பதற்கும் உட்காருவதற்கும்.

தஞ்சாவூரில் ஒரு விவசாயக் கண்காட்சிக்கு அவரை அழைத்துக்கொண்டு போனேன். இரண்டு ரகமும் இருந்தது. பளபளவென்று நட்டு வைத்த ஒரு இரும்புக் குழாயில் ஒரு பையன் சரசரவென்று ஏறி இறங்கிக் காட்டினான். பத்தடி உயரம். எல்லாரும் கைதட்டினார்கள். சித்தி மட்டும், "ஏன் தம்பி, இந்தப் பைப்புல தேங்கா காய்க்குமா?" என்று கேட்டார். விற்பனைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் கேள்வி நியாயமானது. குழாய் அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமன். எங்கள் பக்கத்து நெட்டைத் தென்னை அப்படியா? அடியில் யானைக்கால் மாதிரி புடைத்திருக்கும், மேலே போகப் போக ஒடுங்கும். அடியில் அளவெடுத்து மாட்டிய வளையம் உச்சியில் லொடலொடக்கும். உட்காரும் ரகத்தில் சீட்டும் மிதியும் முன்பக்கம் சாய்ந்துகொண்டே போகும். இதற்கு வேட்டைக்காரர்கள் ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறார்கள். கிளம்பும்போதே சட்டத்தைக் கொஞ்சம் அண்ணாந்த மாதிரி மாட்டிவிட வேண்டும். உச்சிக்குப் போனதும் சமமாகிவிடும். அன்றைக்குப் படித்தவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் இதுதான்.

கண்காட்சியில் வாங்கவில்லை. தெரிந்த விவசாயிகள் குழு ஒன்றிடம் இரண்டையும் ஒருநாள் இரவல் வாங்கி, ஏறத் தெரிந்த ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து, சித்தி கொல்லையிலேயே பரீட்சை வைத்தோம். கீழே வைக்கோல் போர் பிரித்துக் கொட்டினோம். சித்தி, மகளின் சுடிதார் பேன்ட்டைப் போட்டு, மேலே சித்தப்பாவின் முழுக்கைச் சட்டை. தெருவே வேலியோரம் வந்து நின்றது. சிங்கப்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் சித்தப்பா. "நம்ம வீட்டுப் பொம்பளை மரம் ஏறுறதா? ஊருல என்ன பேசுவாங்க?" என்றார். "பேசுறவங்கள ஏறச் சொல்லுங்க, நான் இறங்கிக்கிறேன்" என்று சித்தி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அந்தக் கேள்விக்குள் வேறொன்றும் இருந்தது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மரம் ஏறுவது எங்கள் பக்கத்தில் வெறும் தொழிலாக ஒருநாளும் இருந்ததில்லை. ஒரு சாதியின் மேல் ஒட்டியிருந்த பெயர், வசவாகவும் பயன்பட்டது. கயிறு கட்டி ஏறியவருக்கு எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்கார இடம் இல்லை. கொல்லை வழியாக வந்து கொல்லை வழியாகப் போனார். மெஷின் வந்ததும் அதே வேலை 'டெக்னாலஜி' ஆகிவிட்டது, பயிற்சி, சான்றிதழ், போட்டோ எல்லாம் வந்தது. நல்லதுதான். ஆனால் இந்த மரியாதை இரும்புக்கா, மனுஷனுக்கா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அன்று காலையில் அந்தப் பெரியவரைத்தான் சித்தி ஆள் அனுப்பி அழைத்திருந்தார். சக்கர நாற்காலியை மரத்தடிக்கு உருட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு மெஷினையும் தொட்டுப் பார்த்தார். வடத்தைக் கையால் முறுக்கிப் பார்த்தார். ரப்பரை நகத்தால் கீறினார். விலையைக் கேட்கவில்லை. எவ்வளவு வேகம் என்றும் கேட்கவில்லை. கூட வந்த பெண் நிற்கும் ரகத்தில் விறுவிறுவென்று ஏறிக் காட்டினாள். நான் கடிகாரம் பார்த்தேன். அவள் இதில் இரண்டு மரம் முடிக்கிற நேரத்தில், உட்காரும் ரகத்தில் ஒன்றுதான் முடிந்தது. மாட்டிக் கழற்றவும் இது இலகு, எடையும் கம்மி. நாளெல்லாம் நூறு மரம் ஏறிப் பிழைக்கிறவருக்கு நிற்கும் ரகம்தான் சரி என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பெரியவர் சித்தியைக் கூப்பிட்டார்.

"நீங்க ரெண்டுலயும் பத்தடி ஏறுங்க தாயி. ஏறி நின்னுக்கிட்டு, ரெண்டு கையையும் வுட்டுட்டுக் கை தட்டுங்க. எதுல தட்ட முடியுதோ அத வாங்குங்க."

வேலியோரத்தில் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மட்டையைப் பிடித்த ஒரு கையால் முதுகெலும்பை இழந்தவர் வைக்கிற பரீட்சை அது.

நிற்கும் ரகத்தில் சித்தி ஏறினார். பத்தடியில் நின்றார். ஒரு கையை எடுத்தார். இன்னொரு கை பிடியை விட மறுத்தது. பெல்ட்டை மரத்தோடு மாட்டிய பிறகுதான் அந்தக் கை வந்தது. கட்டைவிரல்கள் வெளுத்திருந்தன. மெதுவாக ஒரு தட்டு. இதில் அனுபவம் உள்ள அந்தப் பெண் அலட்சியமாகத் தட்டினாள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே மெஷின்மேல் குற்றமில்லை. பழக்கம் வேண்டும், அவ்வளவுதான். இந்த மாடலில் கை நழுவினாலும் ஆளைக் கீழே விடாமல் தாங்குவதற்கென்றே காசர்கோடு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் ஒரு பாதுகாப்பு இணைப்பு செய்து கொடுத்திருக்கிறது. வாங்குகிறவர்கள் அதையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

உட்காரும் ரகத்தில் ஏற அதிக நேரம் பிடித்தது. மூச்சு வாங்கியது. காலால் கீழ்ச் சட்டத்தைத் தூக்க வயிற்றுத் தசை வேண்டும். இரண்டு பிள்ளை பெற்ற வயிறு என்று அவரே சொல்லிக்கொண்டார். ஆனால் பத்தடியில் சீட்டில் பின்னால் சாய்ந்து, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்து, படபடவென்று தட்டினார். இரண்டு முறை.

"அது" என்றார் பெரியவர்.

ஐந்து நிமிஷத்தில் என் இரண்டு வார ஆராய்ச்சி முடிந்தது. பதினொரு மரத்துக்கு வேகம் எதற்கு? சித்திக்கு வேண்டியது உச்சியில் இரண்டு கை. ஒரு கையால் குலையைப் பிடித்து மறுகையால் வெட்ட, கொக்கியால் வண்டைத் தேட, இளநீர்க் குலையைக் கயிற்றில் கட்டி இறக்க.

வாங்கின பிறகு நான் சேர்த்தவை இரண்டே. அதையாவது சொல்லிக்கொள்கிறேன். ஒன்று, மேல் சட்டத்தையும் கீழ்ச் சட்டத்தையும் ஒரு கயிற்றால் எப்போதும் இணைத்தே வைக்க வேண்டும். காலிலிருந்து கீழ்ச் சட்டம் நழுவித் தரைக்குப் போய்விட்டால், நாற்பதடியில் சீட் இருக்கும், இறங்க வழி இருக்காது. இரண்டு, இடுப்பு பெல்ட் போதாது. விழுந்தால் அது நெஞ்சுக்கு ஏறி மூச்சைப் பிடிக்கும், அல்லது ஆள் தலைகீழாகத் தொங்குவார். தோள், தொடை எல்லாம் சுற்றி வருகிற முழு உடல் பெல்ட் வேண்டும். அதிலும் அசையாமல் ரொம்ப நேரம் தொங்கினால் ரத்தம் காலில் தங்கி மயக்கம் வந்து உயிருக்கே ஆபத்து என்கிறார்கள். அதனால் பெல்ட்டோடு ஒரு கயிற்று வளையம் தொங்கவிட்டுக்கொண்டால், அதில் பாதத்தை வைத்து எழும்பி நிற்கலாம். கூட ஓர் ஆள் இல்லாமல் ஏறக் கூடாது என்பது சித்தி தானே போட்டுக்கொண்ட சட்டம். மரம் ஏறுகிறவர்களுக்கென்று தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேரா சுரக்ஷா' விபத்துக் காப்பீடு இருக்கிறது. அதையும் விசாரித்துப் போட்டுவிடுங்கள். பெரியவர் விழுந்தபோது இப்படி ஒன்று இருப்பதை அவருக்குச் சொல்ல யாருமில்லை.

எல்லா மரத்துக்கும் இது ஆகாது. பதினொன்றில் இரண்டை கஜா வாய்க்கால் பக்கமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஆற்றங்கரைத் தென்னைகளே தண்ணீரைப் பார்த்துக் குனிந்து நிற்பவைதான். அந்த வளைவில் சட்டம் ஒரு பக்கமாகத் தொங்கும். நிற்பதோ உட்காருவதோ எந்த ரகமானாலும் வளைந்த மரத்துக்கு வேண்டாம். அந்த இரண்டையும் நெத்து விழட்டும் என்று விட்டு, வாய்க்காலின் குறுக்கே ஒரு பழைய மீன் வலையைக் கட்டியிருக்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் மற்ற ஒன்பதும் விடுமுறை. நனைந்து பாசி பிடித்த மரத்தில் ரப்பர் வழுக்கும். தை பிறக்கக் காத்திருக்க வேண்டியதுதான். விழுந்த மரங்களின் குழிகளில் வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையத்து வீரிய ரகத்தைக் கொஞ்சம் நட்டிருக்கிறார். சீக்கிரம் காய்க்குமாம்.

ஊர் பேசியதா என்று கேட்கிறீர்களா? பேசியது. முதல் மாதம். அப்புறம் பக்கத்து வீட்டில் "எங்களுக்கும் நாலு மரம் இருக்கு, ஏறிக் குடுக்கிறீங்களா?" என்றார்கள். இப்போது மூன்று வீட்டுக்கு ஏறுகிறார். கூலி வாங்குகிறார். அதைச் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. 'மெஷின் அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேறு பெயர் எதுவும் யாரும் சொல்லவில்லை. நான் கவனித்தேன்.

பறிப்பு நாளில் பெரியவர் நாற்காலியோடு வந்துவிடுவார். கீழிருந்தே எந்தக் குலை முற்றியது, எந்த மட்டையைத் தொடாதே என்று குரல் கொடுப்பார். "அது காஞ்சது தாயி, அந்தப் பக்கம் கை வைக்காத" என்று அவர் சொன்னால் சித்தி மறுபேச்சுப் பேசுவதில்லை. பழைய வழக்கப்படி ஏறுகிறவருக்குக் கூலியோடு மரத்துக்கு ஒரு காய். சித்தி அதை அவருக்குக் கொடுக்கிறார். ஒன்பது மரம், ஒன்பது காய். திண்ணையோரம் நாற்காலியை நிறுத்தி, காபி குடித்துவிட்டு, ஒவ்வொன்றாகக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்துத்தான் மடியில் வைப்பார். போன தடவை ஒன்று ஒல்லிக்காய் என்று திருப்பிக் கொடுத்து வேறு வாங்கிக்கொண்டார்.